ஈரத் திடலில் டிரெய்லர் கடை சாயாமல் நிற்க...

கோயில் திருவிழா, தீபாவளிச் சந்தை, பள்ளி விளையாட்டு நாள் என எங்கு கூட்டம் கூடினாலும், காரின் பின்னால் இழுத்து வரப்படும் டிரெய்லர் கடைகளை இப்போது பார்க்க முடிகிறது. வடை, முறுக்கு, தே தாரிக் என வியாபாரம் நடக்கும் இந்த வண்டிகள் தார்ச்சாலையில் நிற்கும்போது சிக்கல் இல்லை. புல் திடலிலோ தோட்டத்துச் செம்மண்ணிலோ நிறுத்தும்போதுதான் கவனம் தேவை.

தீபாவளிச் சந்தை நடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை வழக்கமானது. காலையில் கெட்டியாக இருந்த திடல் இரவுக்குள் சேறாகிவிடலாம். உள்ளே கொதிக்கும் எண்ணெயும் எரியும் அடுப்பும் இருப்பதால், வண்டி சாய்வது வியாபார நட்டத்தோடு முடிவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரு சக்கரங்களுக்கும் இடையே 180 செ.மீ. உள்ள வண்டியில் ஒரு சக்கரம் 6 செ.மீ. புதைந்தால், 60 செ.மீ. அகல எண்ணெய்ச் சட்டியின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட 2 செ.மீ. தாழ்ந்துவிடும். நிரம்பிய சட்டியில் எண்ணெய் வழிய அதுவே போதும்.

ஏன் புதைகிறது?

எடையைவிட, அந்த எடை எவ்வளவு சிறிய இடத்தில் இறங்குகிறது என்பதே முக்கியம். ஒரு டன் எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 500 கிலோவைத் தாங்குகிறது. டயர் தரையைத் தொடும் இடமோ ஏறக்குறைய ஒரு கையளவுதான். மூலைக் கால்களின் நிலை இன்னும் மோசம். 10 செ.மீ. சதுர இரும்புத் தகடு 100 சதுர செ.மீ. இடத்தில் அழுத்துகிறது. அதன் கீழே 30 செ.மீ. சதுரமுள்ள தடித்த பலகையை வைத்தால் அழுத்தம் 900 சதுர செ.மீட்டருக்குப் பரவும், அதாவது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும்.

இதற்கு 18 மி.மீ. அல்லது அதற்கும் தடித்த பிளைவூட் ஏற்றது. மெல்லிய பலகை நடுவில் வளைந்து பயனற்றுப் போகும். செங்கல்லும் உள்ளே துளையுள்ள சிமெண்டுக் கல்லும் வேண்டாம். அவை திடீரென உடையும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வண்டியைக் கொண்டுபோகும் முன் திடலில் நடந்து பார்க்க வேண்டும். குதிகாலை அழுத்தினால் பள்ளம் விழுந்து தண்ணீர் ஊறும் இடத்தைத் தவிர்த்துவிட வேண்டும். இரும்புக் கம்பி ஒன்றைக் குத்திப் பார்த்தால், மேலே காய்ந்து உள்ளே இளகிய மண்ணும் தெரிந்துவிடும்.

கால்வாய் ஓரம், அண்மையில் மண் கொட்டி மூடிய குழி ஆகியவை ஆபத்தானவை. ஈப்போ வட்டார ஈயலம்பங்களில் மணலும் சேறும் மாறி மாறி இருக்கும். பந்திங் பக்கத்துக் கரி மண்ணோ பஞ்சுபோல் அமுங்கும். சற்று மேடான, வெளியேறும் வழிக்கு அருகிலுள்ள இடமே நல்லது.

வரிசை மாறக்கூடாது

1. சக்கரங்கள் நிற்கப்போகும் இடத்தில் முதலில் பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்துங்கள்.

2. காரிலிருந்து கழற்றும் முன் இடம் வலம் சமமாக உள்ளதா என ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ் இன்னொரு பலகை சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

3. கைபிரேக் இருந்தால் போடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை வையுங்கள்.

4. முன்பக்கச் சிறு சக்கரத்தின் கீழும் பலகை வைத்து, பிறகு காரைக் கழற்றுங்கள். முதலில் புதைவது பெரும்பாலும் இந்தச் சக்கரம்தான். இதை ஏற்றி இறக்கி முன் பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

5. கடைசியாக நான்கு மூலைக் கால்களையும் பலகைகளின்மேல் இறக்குங்கள். கால் பலகையைத் தொட்டு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

மூலைக் கால்களை ஜாக்கிபோல் பயன்படுத்தி வண்டியைத் தூக்குவதே பலரும் செய்யும் தவறு. அவை ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே. எடையைச் சக்கரங்கள்தான் தாங்க வேண்டும். கால்களால் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாக மூடாமல் உரசுவது அதற்கு ஓர் அடையாளம்.

கடை நடக்கும்போது

100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி 100 கிலோ எடை கொண்டது. அதை ஒரு மூலையில் வைக்காமல் சக்கர அச்சுக்கு மேலாக வைப்பது நல்லது. எரிவாயுத் தோம்பை வண்டிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், தனிப் பலகையின்மேல் நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

பாத்திரம் கழுவிய நீரை வண்டிக்கு அடியில் ஊற்றுவது பலரின் வழக்கம். மழையே பெய்யாத நாளில்கூடச் சக்கரத்தின் கீழ் மண் இளகுவதற்கு இது காரணமாகிறது. வாளியில் பிடித்துத் தள்ளிப்போய்க் கொட்டுங்கள்.

மழை விட்டதும் மட்டத்தை மீண்டும் பாருங்கள். சாய்வு தெரிந்தால் முதலில் அடுப்பை அணைத்து, எண்ணெய் ஆறும்வரை காத்திருங்கள். சட்டியில் சூடான எண்ணெய் இருக்கும்போது வண்டியைச் சரிசெய்ய முற்படவே கூடாது.

கிளம்பும்போது

தண்ணீரைத் தொலைவில் வடித்து, பொருள்களை இறக்கி எடையைக் குறையுங்கள். வண்டியைக் காரில் மாட்டி, மூலைக் கால்களை முழுமையாக மேலேற்றிய பிறகே தடுப்புக் கட்டைகளை எடுக்க வேண்டும். போகும் திசையில் பலகை போட்டு, நேராக, மெதுவாக இழுங்கள். காரின் சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் பள்ளம்தான் ஆழமாகும்.

புதைந்துவிட்டால், ஜாக்கியின் கீழ் பலகை வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பள்ளத்தில் கல் நிரப்பி, மேலே பலகை போடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. கயிறு கட்டி இழுத்தால், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது; குறிப்பாக, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள்.

எட்டுப் பலகை, நான்கு தடுப்புக் கட்டை, ஒரு ரசமட்டம், ஒரு ஜாக்கி. கரண்டியும் சட்டியும் ஏற்றும்போது இவற்றையும் மறக்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.