மரியாதை வரிசையில் நின்றவர்கள்

அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சீருடையில் கடற்படைச் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் மட்டும் வரிசையை விட்டு முன்னால் வந்து, துவக்கைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கியிருக்கிறான். அவனுக்கு முன்னால் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி குனிகிறார். 1987 யூலை 30, கொழும்பு கோட்டை, ஜனாதிபதி மாளிகை. படத்தை எடுத்தவர் சேன விதானகம.

முதல்நாள்தான் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்து வைத்திருந்தார்கள். தெற்கில் ஒப்பந்தத்துக்கு எதிராகக் கலவரம், ஊரடங்கு, பொலிஸ் சூட்டில் பலர் சாவு. அதற்கு நடுவில்தான் விருந்தாளிக்கு முறைப்படி வழியனுப்பு மரியாதை. ராஜீவ் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டு போகிறார். விஜித ரோகண என்ற சிப்பாய் அவர் தன்னைக் கடக்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, பின்னால் இருந்து துவக்குப் பிடியால் அடிக்கிறான். கடைக்கண்ணில் ஏதோ அசைவதைக் கண்டு ராஜீவ் குனிந்ததால் அடி தலையில் விழாமல் தோள்பக்கம் போனது. அன்றே அவர் நாடு திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கும்போது ஒப்பந்தம், இந்தியா, ஜே.ஆரின் தந்திரம் என்று பேச்சு மேலே போய்விடும். அந்த வரிசையைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. அணிவகுப்பு மரியாதை என்றால் என்ன? அதில் நிற்கிறவர் யார்? அவருக்கு அங்கே என்ன வேலை? இதை விளங்கிக்கொண்டால் 1987இல் தொடங்கி 1990 வரை நடந்த கனக்க விஷயங்கள் வேறு மாதிரித் தெரியும்.

துவக்கோடு நம்பிக்கை காட்டுவது

அணிவகுப்பு மரியாதையின் அடிப்படை எளிமையானது. வந்த விருந்தாளிக்கு முன்னால் ஆயுதம் ஏந்தியவர்களை நிறுத்தி, அந்த ஆயுதம் உங்களுக்கு எதிராகத் திரும்பாது என்று காட்டுவது. துவக்கை உடம்புக்கு முன்னால் நேராகப் பிடிக்கும் அந்த நிலையில் சுட முடியாது. அதுதான் அதன் அர்த்தம். பீரங்கி வேட்டு மரியாதைக்கும் அதே காரணத்தைத்தான் சொல்லுவார்கள். பழைய காலத்துக் கப்பல் தன் பீரங்கிகளை வெறுமையாக்கிவிட்டால் மறுபடி மருந்து நிரப்ப நேரம் எடுக்கும். "நான் இப்ப வெறுங்கை" என்று துறைமுகத்துக்குச் சொல்லுகிற முறை அது.

பிறகு விருந்தாளி வரிசையைப் பார்வையிடுவார். படையைச் சோதித்துப் பார்க்கும் தளபதியின் உரிமையை ஒரு சில நிமிடத்துக்கு அந்நியர் ஒருவருக்குக் கொடுப்பதுதான் இதில் உள்ள கௌரவம். இலங்கையும் இந்தியாவும் இதை பிரித்தானியரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன. கட்டளை சொல்கிற மொழி மாறியது, கொடி மாறியது. சப்பாத்துப் பளபளப்பும் வரிசையின் இடைவெளியும் மாறவில்லை.

எங்களுக்கும் இது அந்நியமான காட்சி இல்லை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். பிரதம விருந்தினரை மாலை போட்டு, பாண்ட் வாத்தியத்தோடு கூட்டிக்கொண்டு வருவார்கள். இல்லங்கள் அணிநடையில் போகும்போது அவர் எழும்பி நின்று மரியாதையை ஏற்றுக்கொள்வார். வெயிலுக்குள்ள நிற்கிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு மயங்கி விழும், தூக்கிக்கொண்டு போவார்கள், நிகழ்ச்சி தொடரும். அந்தச் சடங்கின் வேர் பட்டாளத்து மைதானத்தில்தான் இருக்கிறது.

வரிசையில் நிற்கிற சிப்பாய்க்கான விதிகள் இன்னும் கடுமையானவை. கண் நேரே பார்க்கவேண்டும். விருந்தாளி முகத்துக்கு முன்னால் நின்றாலும் கண் அவரைத் தேடிப் போகக்கூடாது. மூக்கில் இலையான் இருந்தாலும் கை அசையக்கூடாது. தன்னிடம் ஏதும் கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. விருந்தாளிக்கு அவர் பெயர் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. நூறு பேர் ஒரே ஆள் மாதிரித் தெரிந்தால்தான் அது நல்ல அணிவகுப்பு.

ஆனபடியால்தான் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு ஆபத்து எப்பவும் ஒளிந்திருக்கிறது. நாட்டின் தலைவரை ஆயுதம் தாங்கியவர்களுக்கு ஒரு முழ தூரத்தில் நடக்கவிடுகிறோம். அதனால்தான் சடங்குத் துவக்குகளில் ரவை இருப்பதில்லை. 1981 ஒக்டோபர் 6 எகிப்தில் போர் வெற்றி நினைவு அணிவகுப்பிலும் உயிர் ரவைக்குத் தடைதான். லெப்டினன்ட் காலித் இஸ்லாம்புலி அதைக் களவாகக் கொண்டுவந்திருந்தார். அணிவகுப்பில் போன லொறி ஒன்று நின்று, ஆட்கள் குதித்து ஓடி வந்தபோது, ஜனாதிபதி அன்வர் சதாத் அதுவும் மரியாதையின் ஒரு பகுதி என்று நினைத்து எழும்பி நின்றார் என்று சொல்லுவார்கள். கொழும்பில் ரவை இல்லாததால் ரோகணவுக்குத் துவக்கின் கட்டை மட்டும்தான் மிஞ்சியது.

கீழிருந்து வரும் மரியாதை

பட்டாளத்துச் சடங்கு எல்லாமே மேலே பார்த்துச் செய்கிற சடங்கு என்று நினைக்கவேண்டாம். சிப்பாய்களுக்கும் சார்ஜன்ட்மாருக்கும் சொந்தமான மரபுகள் இருக்கின்றன.

பிரித்தானியப் படையில் நத்தார் விருந்தின்போது அதிகாரிகளும் சார்ஜன்ட்மாரும் சிப்பாய்களுக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள். வருடம் முழுக்கக் கட்டளை போட்டவர் அன்றைக்கு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருவார். சார்ஜன்ட்மாரின் உணவு மண்டபத்துக்குள் ஒரு கப்டனோ கேணலோ நினைத்த நேரம் நுழைய முடியாது. அழைத்தால் விருந்தாளியாகத்தான் போகலாம், அங்கே வீட்டுக்காரர் சார்ஜன்ட்தான். இந்திய இராணுவத்தில் 'பராக்கானா' என்று பெருவிருந்து உண்டு. அதிகாரியும் ஜவானும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நாள் அது. அமெரிக்க விமானப்படையில் அதிகாரி தரத்தில் இல்லாதவர்கள் தாங்களே ஒருவரைத் தெரிவுசெய்து, வாள் கொடுத்துக் கௌரவிக்கிற மரபு இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு ஜெனரலாக இருப்பார். தங்களை நன்றாக நடத்திய மேலதிகாரிக்கு கீழிருக்கிறவர்கள் கொடுக்கிற பட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றை எல்லாம் மேல்தட்டு போடுகிற நாடகம் என்று ஒதுக்கிவிடவும் ஏலும். அடுத்தநாள் விடிந்தால் கட்டளை பழையபடிதான். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். இந்தச் சடங்குகளில் யாரை மதிக்கிறோம் என்பது கீழே இருக்கிறவருக்குத் தெரியும், சிலவேளை அவரே முடிவுசெய்கிறார். அணிவகுப்பு மரியாதையில் அந்த முடிவு முழுக்க அரசாங்கத்துடையது. சிப்பாய் கொடுப்பது தன் உடம்பை மட்டும்தான்.

மந்திரிக்குள்ள வசதி சிப்பாய்க்கு இல்லை

1987 யூலையில் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். பிரதமர் ரணசிங்க பிரேமதாச கையெழுத்து வைபவத்துக்கு வரவில்லை. பாதுகாப்பு விவகாரங்களைப் பார்த்த அமைச்சர் லலித் அத்துலத்முதலியும் வரவில்லை. அவர்களுடைய வெறும் கதிரையே எதிர்ப்பாக இருந்தது. எல்லோருக்கும் அது விளங்கியது. பதவியும் போகவில்லை, பிரேமதாச பிறகு ஜனாதிபதியும் ஆனார்.

வரிசையில் நிற்கச் சொன்ன சிப்பாய்க்கு வராமல் விடுகிற வசதி இல்லை. மரியாதை கொடுக்க விருப்பமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ரோகண செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுதத்தைப் பிடித்திருக்கிற ஒருவர் விருந்தாளியைப் பின்னால் நின்று அடிப்பது எந்தக் கணக்கிலும் வீரம் இல்லை. அந்தக் கோபமும் தமிழருக்கு அதிகாரம் போகப்போகிறது என்ற சிங்களத் தேசியவாதக் கோபந்தான். ஆனால் ஒரே எதிர்ப்பை மந்திரி வீட்டில் இருந்தும், சிப்பாய் துவக்குக் கட்டையாலும் காட்டினார்கள் என்பதை வரலாறு எழுதும்போது பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும்.

இராணுவ நீதிமன்றம் ரோகணவுக்கு ஆறு வருடச் சிறை விதித்தது. ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் அவர் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். மன்னித்தவர், அன்றைக்குக் கதிரையை வெறுமையாக விட்ட அதே பிரேமதாச. பின்னர் ரோகண சிஹல உறுமய கட்சியில் தேர்தலில் நின்று தோற்றார், சோதிடம் பார்த்தார். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சாவார் என்று நாள் குறித்துச் சொன்னதற்காக 2017இல் கைதும் ஆனார்.

இந்தப் பக்கம்: மாலையும் துறைமுகமும்

கொழும்பில் துவக்குப் பிடி ஓங்கிய அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கு மாலை விழுந்தது. சனம் றோட்டுக்கு வந்து வரவேற்றது. அதுவும் ஒரு மரியாதைதான். யாரும் கட்டளை போட்டுச் செய்விக்காதது. இரண்டரை மாதத்தில் எல்லாம் தலைகீழானது. ஒக்டோபர் 10 சண்டை தொடங்கியது. ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், டொக்டர்மார், தாதியர் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் அமைதிப்படையால் கொல்லப்பட்டார்கள். "இந்தியன் ஆமி" என்ற சொல்லை எங்கட அம்மாமார் இன்றைக்கும் எந்தக் குரலில் சொல்லுவினம் என்று உங்களுக்குத் தெரியும்.

1990 மார்ச்சில் கடைசி இந்தியப் படையினர் திருகோணமலையில் இருந்து கப்பல் ஏறினார்கள். கப்பல் போன இடம் சென்னை. அவர்களை வரவேற்க முதலமைச்சர் மு. கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்கமாட்டேன் என்பது அவருடைய நிலைப்பாடு. பலர் இதற்காக அவரைத் திட்டினார்கள். ஈழத்தமிழரில் கனபேர் மனதுக்குள் நன்றி சொன்னார்கள்.

நானும் அந்த முடிவைக் குறை சொல்லமாட்டேன். செத்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அந்த மரியாதையைக் கொடுத்திருக்க ஏலாது. ஆனால் கப்பலை விட்டு இறங்கியவர்கள் யார்? ஒப்பந்தம் எழுதியவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்துக்குள் படை நடத்தச் சொல்லி டெல்லியில் முடிவெடுத்தவர்களும் இல்லை. அவர்களில் பலர் எங்கேயோ கிராமத்தில் இருந்து சம்பளத்துக்காகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். தமிழ் பேசுகிற மதராஸ் ரெஜிமென்ட்காரரும் இலங்கையில் நின்றார்கள். கூடப் போன ஏறக்குறைய 1200 பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் சிலர் எங்கள் வீடுகளுக்குள் செய்ததற்கு ஒரு விசாரணையும் ஒழுங்காக நடக்கவில்லை. விசாரணை நடந்திருந்தால் குற்றம் செய்தவர் யார், வெறுமனே வரிசையில் நின்றவர் யார் என்று பிரித்திருக்கலாம். அது நடக்காததால், வரவேற்பைக் கொடுப்பதும் மறுப்பதும் மட்டுமே கணக்குத் தீர்க்கிற வழியாகப் போனது. அந்த வழியில் எல்லோரும் மறுபடியும் ஒரே ஆள் மாதிரித்தான் தெரிந்தார்கள்.

அடுத்த வருடம், 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அங்கேயும் மாலை போடக் காத்திருந்த ஒரு வரிசைதான். கொழும்பில் அடி விழுந்ததும் இங்கே குண்டு வெடித்ததும் ஒரே இடைவெளிக்குள்: விருந்தாளி தன்னை மதிக்கிறவர்களுக்கு மிகக் கிட்டப் போகிற அந்த ஒரு முழத்துக்குள்.

இன்று பத்தரமுல்லையில் இந்திய அமைதிப்படைக்கு நினைவுத்தூபி இருக்கிறது. அதில் செத்த ஜவான்களின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியத் தலைவர்கள் கொழும்பு வந்தால் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். 2025 ஏப்ரலில் நரேந்திர மோடியும் வைத்தார். அதே பயணத்தில் சுதந்திர சதுக்கத்தில் அவருக்கு அணிவகுப்பு மரியாதையும் நடந்தது. ஒரு காலத்தில் அடித்த நாடு, அடிவாங்கிய நாடு இரண்டுமே தங்கள் சடங்கைச் சரிசெய்துகொண்டுவிட்டன.

அந்த இரண்டு சடங்கிலும் இல்லாத பெயர்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இருக்கின்றன. அன்றைக்குச் செத்த வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் ஒவ்வொரு வருடமும் அங்கே கூட வேலைசெய்கிறவர்கள் விளக்கேற்றி நினைவுகூருகிறார்கள். பாண்ட் வாத்தியம் கிடையாது, பிரதம விருந்தினரும் கிடையாது. அடுத்த ஒக்டோபர் 21 அன்று அந்தப் பக்கம் போகக் கிடைத்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். அந்த வரிசையில் நிற்கச் சொல்லி உங்களுக்கு ஒருவரும் கட்டளை போடமாட்டார்கள்.