அம்மாயியின் இடம்: மாவனல்லைத் தோட்டங்களில் பிள்ளை வளர்ப்புரிமையின் வரலாறு

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலை மகா ஓயாவைக் கடக்கும் இடத்தில் அமைந்த மாவனல்லை, கண்டி இராச்சியத்தின் நான்கு கோறளைக்குள் அடங்கியிருந்து 1815இல் பிரித்தானியரிடம் சென்ற ஊராகும். பிரிந்து வாழும் பெற்றோரில் எவரிடம் பிள்ளை வளர வேண்டும், பெற்றோரைத் தவிர்த்து எந்த உறவினர் அதை வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு இந்நகரிலும் இதைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்க் குன்றுகளிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இருந்ததில்லை. கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டமும், நகரில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாபி மத்ஹபும் இருக்க, தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட தோட்டத் தமிழருக்கோ சட்டப் புத்தகத்தில் ஏறிய தனி வழமை எதுவும் இல்லாமையால், ஒல்லாந்தர் விட்டுச்சென்று பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைநிறுத்திய உரோம-ஒல்லாந்தச் சட்டமே பொதுச் சட்டமாக வாய்த்தது.

அச்சட்டத்தின்படி, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையே இயற்கைப் பாதுகாவலர். பிள்ளையைத் தம்முடன் வைத்து வளர்க்கும் உரிமையாகிய கட்டுக்காவலிலும் அவருக்கே முன்னுரிமை உண்டு. இலங்கை உயர் நீதிமன்றம் 1956இல், தென்னாபிரிக்க மேல்முறையீட்டு மன்றத்தின் 1939ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பின்பற்றி, விவாகரத்துப் பெறாமல் பிரிந்து வாழும் தம்பதியரிடையே, பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டென்று காட்டப்பட்டாலன்றித் தந்தையின் முன்னுரிமையில் தலையிடலாகாது எனத் தீர்த்தது. பிள்ளையை வேறொருவர் தடுத்து வைத்திருந்தால், அதை மன்றின் முன் கொண்டுவருமாறு பணிக்கும் ஆட்கொணர்வு எழுத்தாணையைத் தந்தை கோரலாம். சிறையில் அடைபட்டவரை மீட்பதற்கென்று பிறந்த இவ்வெழுத்தாணை, இலங்கையில் பாட்டிமாரிடமிருந்து பேரப்பிள்ளைகளை மீட்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை பற்றிய விதி இதற்கு நேர்மாறானது. அங்கே தாய் மட்டுமே பாதுகாவலர். இந்த வேறுபாடு தோட்டங்களில் பெரும் விளைவை உண்டாக்கியது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும், கோயிலிலோ, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலிலோ தாலி கட்டி நடந்த திருமணங்கள் பல பதியப்படாமலே இருந்தன. வழமைப்படி நடந்ததென நிரூபித்தால் அத்தகைய திருமணத்தையும் நீதிமன்றம் ஏற்கும் என்றாலும், பல ஆண்டுகள் கழித்து நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர் மீதே விழுந்தது. திருமணம் நடந்ததெனக் கணவன் நிரூபிக்கத் தவறினால் பிள்ளை மீது அவனுக்கிருந்த உரிமையும் போயிற்று. மனைவி நிரூபிக்கத் தவறினாலோ தாபரிப்புப் பெறுவது, அதாவது பிள்ளையின் பராமரிப்புச் செலவைத் தந்தையிடமிருந்து பெறுவது, அரிதாயிற்று. ஏனெனில் 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம், திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்காகக் கேட்கும் தாயின் சொல்லுக்கு வேறு சான்றும் துணைநிற்க வேண்டும் என விதித்ததோடு, பிள்ளை பிறந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பையும், சில விலக்குகளுடன், வைத்திருந்தது.

ஆயினும் தந்தைக்கும் தாய்க்கும் இடைப்பட்ட இவ்வழக்கைவிட, அம்மாயியின் நிலையே தோட்டத்து வாழ்வுக்கு நெருக்கமானது. தோட்டத் தமிழர் தாயின் தாயை அம்மாயி என்றும் தந்தையின் தாயை அப்பாயி என்றும் அழைப்பர். தாய் பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆளெடுப்புக்குப் போய் மாலையில் திரும்பும் தொழில் ஒழுங்கில், பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைக் காப்பறையில் ஆயாவும், லயத்தில் வேலையிலிருந்து நின்ற பாட்டியுமே பிள்ளையை வளர்த்தனர். குடும்பம் பிரிந்தபோது தாய் பிறந்த தோட்டத்து லயத்துக்குத் திரும்பினால், பிள்ளையும் அம்மாயியின் காம்பராவுக்குப் போயிற்று. தகராறு எழுந்தால் தொழிலாளரை மேற்பார்வை செய்த கங்காணியும் லயத்துப் பெரியவர்களும், பிற்காலத்தில் தொழிற்சங்கத் தோட்டத் தலைவரும் கூடிப் பேசி முடித்தனர். ஏனெனில் நீதிமன்றப் படியேறினால் ஒருநாள் சம்பளத்தை இழக்கவும் சட்டத்தரணியின் கட்டணத்தைச் செலுத்தவும் வேண்டியிருந்தது.

இந்த அம்மாயிக்கு மற்றச் சமூகங்களின் சட்டங்கள் தந்த இடத்தை உரோம-ஒல்லாந்தச் சட்டம் தரவில்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், இளம் பிள்ளைகளை மாமியாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பதே வழக்கம் என்றும், அப்போது இறந்த மனைவியின் சீதனத்தைப் பிள்ளைகளோடு அவர் ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஷாபி மத்ஹபு, வளர்ப்புரிமையில் தாய்க்கு அடுத்த இடத்தைத் தாயின் தாய்க்கே அளிக்கிறது. கண்டிய வழக்கத்தின் பின்ன விவாகத்தில் கணவனே மனைவியின் வீட்டில் வாழ்வதால், பிள்ளை தாய்வழிப் பாட்டியின் கூரையின் கீழேயே வளர்ந்தது. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு மட்டுமே உரியதாகையால் மாவனல்லைத் தோட்டத்தை எட்டவில்லை. அங்கே பத்தாண்டு சோறூட்டிய அம்மாயி, தந்தை உயிரோடிருக்கும் வரை சட்டத்தின் முன் அயலாராகவே நின்றார். ஏட்டில் எழுதப்படாத காரணத்தால் ஒரு மக்களின் நடைமுறையைச் சட்டம் காணாமல் விட்டது பெரும் அநீதியாகும்.

குடியுரிமைச் சட்டங்கள் இவ்வநீதியைக் கடுமையாக்கின. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்திருக்க வேண்டும் என்றதோடு, மனைவி, பராயமடையாப் பிள்ளைகள் ஆகியோரின் வதிவையும் கணக்கிலெடுத்தது. ஆகவே சில காலம் ஊரில், அதாவது தமிழகத்தில், பாட்டியிடம் பிள்ளையை விட்டுவைத்ததே குடும்பத்தின் விண்ணப்பத்துக்கு ஊறு செய்யக்கூடியதாயிற்று. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, பராயமடையாப் பிள்ளை பெற்றோரின் கடவுச்சீட்டைத் தொடர்ந்து கப்பலேற, வளர்த்த பாட்டி வேறு நாட்டவராகப் பின்தங்கிய குடும்பங்கள் உண்டாயின. அப்பிரிவுக்கு எந்த நீதிமன்றமும் கட்டளை பிறப்பித்திருக்கவில்லை.

தந்தையின் உரிமையிலிருந்து பிள்ளையின் நலனை நோக்கி நீதிமன்றங்கள் மெல்ல நகர்ந்தன. சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்டமை இப்போக்கை வலுப்படுத்தியது. அதே காலத்தில் தோட்டத்துத் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கியதால், அம்மாயியின் பொறுப்பு முன்னெப்போதையும் விடப் பெருகியது. பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிய 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பிள்ளையைத் தம் கட்டுக்காவலில் வைத்திருப்பவரும் அதன் சார்பில் நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கிறது. இதனால் மாவனல்லை நீதவான் முன் மருமகனிடம் பிள்ளைக்குச் செலவு கேட்டு நிற்க அம்மாயிக்கு வழி கிடைத்தது. அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து வைத்திருக்கும் உரிமையை மட்டும், தந்தை கோரி வரும் நாளில், அவர் வேறொரு மன்றில் வாதாடியே பெற வேண்டியுள்ளது.