மலையகமும் சுற்றாடற் கல்வியின் மதிப்பீடும்: ஒரு வரலாற்று நோக்கு

கற்பித்தல் ஒரு கலையாயின், கற்றதை அளந்தறிதல் அதனினும் நுண்ணிய கலையாகும். இலக்கணமோ கணிதமோ கற்ற மாணவனின் தேர்ச்சியை ஒரு வினாத்தாள் ஓரளவு செம்மையாக அளந்துவிடும். அப்பாடங்களின் பொருள் பெரும்பாலும் தாளிலேயே அடங்கிவிடுவது அதற்குக் காரணம். சுற்றாடல் விஞ்ஞானத்தின் நிலை அத்தகையதன்று. மண்ணும் நீரும் காடும் காற்றும், அவற்றின் நடுவே வாழும் மனிதனும் அதன் பாடப்பொருள். அப்பொருள் பரீட்சை மண்டபத்திற்கு வெளியே கிடக்கின்றது. இதனைப் பட்டப்படிப்பாகப் பயிலும் மாணவன் உண்மையில் எதைக் கற்றான் என்பதை எவ்வாறு அறிவது?

இவ்வினாவை ஆராய்வதற்கு நுவரெலியா, ஹற்றன் முதலிய பகுதிகளை உள்ளடக்கிய மத்திய மலைநாடு மிகப் பொருத்தமான களமாகும். மனிதன் சூழலை மாற்றியதன் விளைவுகள் அங்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்கூடாக உள்ளன. அதேவேளை, அம்மலைகளில் உழைத்த மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்துப் பரீட்சை ஒன்றே முன்னேற்றத்தின் வாயிலாக இருந்து வந்துள்ளது. மலையின் வரலாற்றையும் பரீட்சையின் வரலாற்றையும் இணைத்து நோக்கும்போதுதான் மதிப்பீடு பற்றிய உண்மையான சிக்கல் புலப்படுகின்றது.

மலை புகட்டிய பாடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் கோப்பிச் செய்கைக்காக அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் ஒருவகைத் துருநோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் அச்செய்கையையே வீழ்த்தியது. அதனை ஆராய 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நோயின் காரணம் ஒரு பூஞ்சணமே என்பதை நிறுவினார். இடையீடின்றிப் பரந்து கிடந்த ஒற்றைப் பயிர்ச்செய்கை நோய் பரவுவதற்குத் துணைநின்றது என்பதும் அவர்தம் ஆய்வினால் உணரப்பட்டது. உலக அளவில் எடுத்துக்காட்டப்படும் இவ்வுண்மை மலையகத்தின் மண்ணிலேயே கண்டறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

காடழிப்பின் தீங்கும் அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைக்கிணங்க, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பயிர்ச்செய்கைக்கு விற்பதை 1873இல் அரசு தடைசெய்தது. ஆயினும், அவ்வெல்லைக்குக் கீழிருந்த சரிவுகள் தப்பவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை, கோப்பி மறைந்த இடங்களையெல்லாம் நிரப்பியது. புல் பூண்டின்றி நிலத்தைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் பலர் கருதினர். அதனால் மேன்மண் மழையோடு இறங்கி ஆறுகளிற் கலந்தது. மண்ணரிப்பு பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலும் வெளிவந்தன.

இவ்வறிவு அறிக்கைகளில் மட்டுமே இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியவனும், தவறணையிற் கன்று வளர்த்தவளும், கவ்வாத்து வெட்டியவனும், முள்ளுக்குத்தியவனும் மண்ணின் இயல்பை அன்றாடம் கண்டவர்கள். எந்த மலையில் ஊற்று எப்போது வற்றும், எந்தக் கான் முதலில் உடையும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால், அந்த அறிவுக்குப் புள்ளி வழங்கும் பரீட்சை எதுவும் இருக்கவில்லை.

தோட்டப் பாடசாலையும் பரீட்சையும்

இலங்கையில் 1869ஆம் ஆண்டு பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்ட பின்னர், உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின் அடிப்படையில் நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வருவார். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். ஆசிரியரின் பிழைப்பு மாணவனின் மனப்பாடத்தில் தங்கியிருந்த இம்முறையில், வித்தியாதரிசி வினவாதது எதுவும் கற்பிக்கப்படாது போதல் இயல்பே. பிற்காலத்தில் இம்முறை கைவிடப்பட்டபோதும் அது தோற்றுவித்த மனப்பாங்கு எளிதில் மறையவில்லை.

தோட்டங்களின் நிலையோ இதனினும் தாழ்ந்தது. தோட்டச் சிறார்க்குக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துரையின் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பைக் கட்டாயமாக்க முற்பட்டது. எனினும், ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் இலக்கணமாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் அவை தோட்ட நிருவாகத்தின் பிடியிலேயே நீடித்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதி தொட்டு அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இச்சூழலில் எழுத்துப் பரீட்சை மலையகப் பிள்ளைக்கு வழங்கிய ஒரு நன்மையை மறத்தல் ஆகாது. விடைத்தாளில் பெயர் இல்லை. சுட்டெண் மட்டுமே உண்டு. அதனைத் திருத்துபவர் எழுதியவன் இலயன் அறையில் வாழ்பவனா, பங்களாவில் வாழ்பவனா என்று அறியார். துரையின் தயவையும் கங்காணியின் சொல்லையும் நம்பி வாழ்ந்த சமுதாயத்திற்கு, எவர் தயவும் வேண்டாத அளவுகோல் ஒன்று கிடைத்தது சிறிய செய்தியன்று. எழுபதுகளிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. இன்றைய முறையில் கல்வியிற் பின்தங்கியவை என ஏற்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்றாயினும், அச்சலுகையைப் பெறுவதற்கும் முதலிற் கடக்க வேண்டியது அதே வினாத்தாளையே.

மாற்று முயற்சிகள்

வினாத்தாளுக்கு அப்பாற் செல்லும் முயற்சி இலங்கையில் மேற்கொள்ளப்படாமலில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. பிரதேசத்தின் தொழில்களே அவற்றின் பாடப்பொருளாயின. உயர்நிலைச் சான்றிதழுக்கான கற்கையிற் செயற்றிட்ட வேலையும் இடம்பெற்றது. கொள்கையளவில், தலவாக்கலையில் பயிலும் மாணவன் தன் கண்முன் உள்ள தேயிலை மலையையே பாடமாகக் கொள்ள இடமேற்பட்டது. ஆனால், 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் இவ்வமைப்பு கைவிடப்பட்டு, பழைய பொதுத் தராதரப் பரீட்சைகள் மீண்டன. கைத்தொழிற் பாடம் உழைப்பாளியின் பிள்ளையை மீண்டும் உழைப்பிலேயே கட்டிவைக்கும் என்ற அச்சம் ஒருபுறமும், செயற்றிட்டத்திற்கு யார், எந்த அளவுகோலால் புள்ளியிடுவது என்ற ஐயம் மறுபுறமும் இத்தகைய சீர்திருத்தங்களை எங்கும் தொடர்வனவாகும். முதலாவது அச்சம் தோட்டத்துப் பெற்றோருக்கு எத்துணை நியாயமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே 1977ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சோவியத் ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நிறுவனம் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தோடு இணைந்து கூட்டிய மாநாடு, சுற்றாடற் கல்வியின் நோக்கங்களை ஐந்தாக வகுத்தது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என்பன அவை. இவ்வைந்தனுள் எழுத்துப் பரீட்சை நன்கு அளக்கக்கூடியது அறிவு ஒன்றையே. ஏனைய நான்கும் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டனவேயன்றி, அவற்றை அளக்கும் வழி தெளிவாக வகுக்கப்படவில்லை.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவம் இதனை மேலும் விளக்கும். 1991ஆம் ஆண்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றாடற் கல்வியைக் கட்டாயமாக்குமாறு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன் விளைவாகப் பல்கலைக்கழக மானியக்குழு எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் பொதுவான பாடத்திட்டமொன்றை வகுத்து, 2003இல் அறிமுகம் செய்தது. அதன் நூறு புள்ளிகளில் குறுவிடைக்கு 25, கட்டுரை விடைக்கு 50, களப்பணிக்கு 25 என ஒதுக்கப்பட்டது. களப்பணிக்குக் காற்பங்கு கிடைத்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், ஐம்பது விரிவுரைகளில் ஐந்துக்கு ஈடாகவே அக்களப்பணி கணிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மாணவரைக் கொண்ட வகுப்பில், ஐந்து மணிநேரக் களப்பணி கண்டறிதலாக அமைவதிலும் பார்க்கப் பார்த்தெழுதும் அறிக்கையாகச் சுருங்கிவிடும் அபாயமே மிகுதி. புள்ளி ஒதுக்குவதால் மட்டும் மதிப்பீடு மாறிவிடுவதில்லை என்பதே இதனாற் பெறப்படும் படிப்பினை.

அறிவும் ஆபத்தும்

இவ்விவாதம் வெறும் பாடத்திட்ட விவாதமன்று என்பதை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி உணர்த்தியது. அன்று காலை, நுவரெலியாவுக்கு அயலிலுள்ள பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து இலயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. விஞ்ஞான அறிவு இருந்தது, அறிக்கையும் இருந்தது. இல்லாதது, அவ்வறிவு உரிய மக்களிடம் அவர்கள் மொழியிற் சென்று, அவர்கள் வேறிடம் சென்று குடியேறும் வழியாக மாறுவதே.

களனி, வவுனியா முதலிய பல்கலைக்கழகங்களில் இன்று சுற்றாடல் சார்ந்த இளமாணிப் பட்டப்படிப்புகள் உள்ளன. அவற்றிற் பயிலும் மாணவனிடம் மண்சரிவுக்கான காரணங்களைத் தருக என்று வினவினால், சரிவு, மழைவீழ்ச்சி, மண்ணின் ஆழம், தாவரப் போர்வை என நிரைப்படுத்தி நிறைபுள்ளி பெற்றுவிடுவான். அதே மாணவனை ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு மலைச்சரிவில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். நிலத்தின் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று ஆகியவற்றை அவன் இனங்காண்கின்றானா? அங்கே நாற்பதாண்டு கொழுந்து பறித்த மூதாட்டியிடம் அவன் எதை வினவுகின்றான்? தான் கண்டதை அவருக்குப் புரியுமாறு சொல்ல வல்லனா? முதற் பரீட்சை அவன் நினைவை அளக்கின்றது. இரண்டாவது அவன் கல்வியை அளக்கின்றது.

ஆயினும், இரண்டாவதை ஏற்பதற்காக முதலாவதைத் தள்ளிவிடலாகாது. களமதிப்பீடு என்னும் பெயரில் விரிவுரையாளரின் விருப்புவெறுப்பு புகுமாயின், பெயரற்ற விடைத்தாள் அளித்த நீதி பறிபோகும். அதனால் முதலில் இழப்பவன் எவர் துணையுமின்றி வந்த மாணவனே. ஆகவே, களமதிப்பீட்டுக்கும் எழுத்துப் பரீட்சைக்குரிய கண்டிப்பு வேண்டும். எதற்கு எத்தனை புள்ளி என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படல் வேண்டும். ஒரே களத்தை இருவர் தனித்தனியே மதிப்பிடல் வேண்டும். மாணவனின் களக்குறிப்பேடு திருத்தி எழுதப்பட்ட பிரதியாக அல்லாமல், மழையில் நனைந்த மூலமாகவே சோதிக்கப்படல் வேண்டும். ஒருநாட் பயணமாக அன்றி, மாரியிலும் கோடையிலும் அதே மலைக்கு மீண்டும் சென்று கண்ட மாற்றத்தை அவன் எழுத வேண்டும்.

தோட்டச் சிறுவனுக்கு வாசிப்பும் எழுத்தும் எண்ணும் போதும் என்று ஒரு காலம் எண்ணியது. அவன் காலடியில் இருந்த மண்ணைப் பற்றி அவனிடம் எவரும் வினவவில்லை. இன்று அவன் பேரனும் பேர்த்தியும் பல்கலைக்கழக மாணவராய், அம்மண்ணையே விஞ்ஞானமாகக் கற்க வருகின்றனர். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவைப் பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே விட்டுவரச் சொல்லும் மதிப்பீடு, பழைய வித்தியாதரிசியின் மதிப்பீட்டிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. கற்றதை அளக்கும் கோல் செம்மையுறுமாயின், கற்பித்தலும் அதனைப் பின்பற்றிச் செம்மையுறும். அச்செம்மையைத் தொடங்க வேண்டிய இடம் பல்கலைக்கழகமே.