41 பேர், பெயர் இல்லை

திருச்சி காந்தி மார்க்கெட் அருகே ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. இங்கிருந்து 302 பேர் 1914–1918 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 41 பேர் உயிர் நீத்தார்கள் என்கிறது கல்வெட்டு. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

வெள்ளைக்காரன் போர்தான். போனவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, பிரான்சு என்று இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டன். "அவன் பெரிய எம்டன்" என்று குடவாசல் கடைத்தெருவில் இன்றும் சொல்கிறோம். எதிரியின் கப்பல் பெயர் நம் வாயில் நிலைத்துவிட்டது, பாருங்கள்!

ஆநிரை மீட்டு மாண்ட சாதாரண வீரனுக்கும் நடுகல் நட்டு, பெயரைப் பொறித்த நாடு இது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. அவர்கள் விடுதலைக்குப் பின் மாண்டவர்கள். இந்த 41 பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

திருச்சி, தஞ்சைப் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தக் காலத்துப் பதக்கமோ பென்ஷன் தாளோ கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் அதிலுள்ள பெயரை எனக்கு எழுதுங்கள்.