கென்னடி ஏன் டெக்சாஸுக்குப் போனார்?



1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், வெள்ளிக்கிழமை. புனித செசிலியாவின் திருநாள். அன்று பகல் 12:30 மணிக்கு, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், திறந்த காரில் சென்றுகொண்டிருந்த குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சுடப்பட்டார். ஒரு மணிக்கு அவர் இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவருக்கு வயது 46. அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் அவரே.

சுட்டது யார் என்று உலகம் இன்றுவரை பேசுகிறது. அவர் அந்த ஊருக்கு எதற்காகப் போனார் என்று கேட்பவர்கள் குறைவு. இறந்தோரை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில் அந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்போம்.

முதல் காரணம் வாக்கு. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ ஆறு கோடியே எண்பது லட்சம் பேர் வாக்களித்தார்கள். கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சற்றேறக்குறைய 1.1 லட்சம் வாக்குகள்தான். டெக்சாஸ் மாநிலத்தில் பதிவான 23 லட்சம் வாக்குகளில் அவர் 46,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். அந்த மாநிலத்தைச் சேர்ந்த லிண்டன் ஜான்சன் துணைத் தலைவர் வேட்பாளராக நின்றதால்தான் அந்த வெற்றியும் கிடைத்தது என்பார்கள். டெக்சாஸும் இல்லினாய்சும் கைவிட்டிருந்தால் கென்னடி தலைவராகியிருக்க முடியாது.

கத்தோலிக்கர் என்பதும் அங்கே ஒரு தடையாக இருந்தது. 1928இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் போட்டியிட்டபோது, வழக்கமாக அவருடைய கட்சிக்கே வாக்களித்துவந்த டெக்சாஸ் அவரைக் கைவிட்டது. 1960 செப்டம்பரில் இதே மாநிலத்தின் ஹூஸ்டன் நகருக்குப் போய், புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, தன் திருஅவை தன் அரசுப் பணியில் ஆணையிடாது என்று கென்னடி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

1963இல் நிலைமை இன்னும் கடினமானது. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றி, கறுப்பின மக்களின் உரிமை ஓர் அறநெறிக் கேள்வி என்று நாட்டுக்குச் சொன்னார். எட்டு நாள் கழித்துக் குடியுரிமைச் சட்ட மசோதாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தென் மாநிலங்களில் வெள்ளையர் பலர் அவரை விட்டு விலகினார்கள். 1964 தேர்தலில் தென் மாநிலங்கள் பல கைநழுவக்கூடும் என்று தெரிந்தது. ஆகவே டெக்சாஸையும் ஃபுளோரிடாவையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். டல்லாஸுக்கு நான்கு நாள் முன்புதான் ஃபுளோரிடாவில் சுற்றுப்பயணம் செய்திருந்தார்.

இரண்டாவது காரணம் பணம். தேர்தலுக்கு நிதி வேண்டும். டெக்சாஸில் செல்வர்கள் இருந்தார்கள். நவம்பர் 22 இரவு தலைநகர் ஆஸ்டினில் ஒரு நிதிதிரட்டும் விருந்து ஏற்பாடாகியிருந்தது. ஓர் இலைக்கு நூறு டாலர். 1963 ஜூன் 5 அன்று எல் பாசோ நகரில் கென்னடி, ஜான்சன், ஆளுநர் ஜான் கானலி மூவரும் சந்தித்தபோது இந்தப் பயணம் முடிவானது. கானலிக்கு இதில் ஆர்வம் இல்லை. அடுத்த ஆண்டு அவரும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். கென்னடியோடு சேர்ந்து நின்றால் தன் வாக்கு குறையுமோ என்று தயங்கினார்.

மூன்றாவது காரணம் சண்டை. அந்த மாநிலத்தில் கென்னடியின் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பக்கம் பழமைவாதியான ஆளுநர் கானலி, அவருக்குப் பின்னால் அவருடைய பழைய தலைவர் ஜான்சன். மறு பக்கம் ஏழை எளியவர்களின் ஆதரவைப் பெற்ற செனட்டர் ரால்ஃப் யார்பரோ. இந்தப் பூசலின் விலை முன்பே தெரிந்திருந்தது. 1961இல் ஜான்சன் விட்டுவந்த செனட் இடத்தை எதிர்க்கட்சிக்காரரான ஜான் டவர் வென்றார்.

கென்னடி வந்து சேர்ந்த பிறகும் சண்டை ஓயவில்லை. நவம்பர் 21 அன்று சான் அந்தோனியோவில் ஜான்சனுடன் ஒரே காரில் ஏற யார்பரோ மறுத்துவிட்டார். ஆஸ்டினில் ஆளுநர் மாளிகையில் நடக்கவிருந்த வரவேற்புக்குத் தனக்கு அழைப்பு இல்லை என்பது அவருடைய மனத்தாங்கல். மறுநாள் காலை ஃபோர்ட் வொர்த் நகரில் கென்னடியே தலையிட்டுக் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் யார்பரோ இணங்கினார். டல்லாஸ் ஊர்வலத்தில் கென்னடியின் காரில் கானலியும் அவர் மனைவியும். பின்னால் வந்த காரில் ஜான்சனும் யார்பரோவும்.

சண்டையைத் தீர்க்கவே கென்னடி போனார் என்று பலர் எழுதினார்கள். குண்டடிபட்டுப் பிழைத்த கானலி 1967இல் ஒரு பத்திரிகையில் அதை மறுத்தார்: நிதி திரட்டவும் தன் செல்வாக்கை உயர்த்தவுமே அவர் வந்தார் என்றார். வாக்கு, பணம், கட்சி ஒற்றுமை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. பிளவுபட்ட கட்சியால் வாக்கும் திரட்ட முடியாது, நிதியும் திரட்ட முடியாது.

டல்லாஸில் எதிர்ப்பு இருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 24 அன்று, ஐ.நா. தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் அங்கே ஒரு பதாகையால் தாக்கப்பட்டார். டல்லாஸ் வேண்டாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் எச்சரித்தார். ஆனால் மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்றை விட்டுவிட்டு மாநிலத்தை வெல்ல முடியாது. கென்னடி போனார். மூன்று மாதம் முன்பு, பிறந்து இரண்டே நாளான மகன் பேட்ரிக்கைப் பறிகொடுத்திருந்த அவர் மனைவி ஜாக்குலினும் உடன் போனார்.

நேயர்களே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்சிச் சண்டை அவரைக் கொல்லவில்லை. கொலைக்கு லீ ஹார்வி ஆஸ்வால்டு ஒருவரே பொறுப்பு என்று வாரன் விசாரணைக் குழு முடிவு செய்தது. அதே வேளையில், அது மறைசாட்சியின் பயணமும் அன்று. அயர்லாந்தில் எத்தனையோ வீடுகளில் அவர் படத்தை இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனாலும் அவர் போனது அரசியல்வாதியாக, வாக்குக் கேட்டு. நாம் மதிப்பவர்களைப் பற்றியும் உண்மையைச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்த உண்மையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அவருக்கு வாக்குகள் குறையக் காரணம், சரியென்று பட்டதை ஜூன் மாதத்தில் அவர் சொன்னதுதான். வாக்கு குறைந்ததும் அந்த மசோதாவை அவர் திரும்பப் பெறவில்லை. குறைந்த இடத்துக்கே நேரில் போனார். 1964 ஜூலை 2 அன்று ஜான்சன் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். அடிமைமுறைக்காகப் பிரிந்துசென்ற பழைய பதினொரு தென் மாநிலங்களின் செனட்டர்களில் அதற்கு ஆதரவாக வாக்களித்தவர் ஒருவரே. அவர்தான் யார்பரோ. முந்தைய நவம்பரில் ஒரே காரில் ஏற மறுத்தவரும், அந்தக் காரில் இருந்தவரும் அந்தச் சட்டத்தில் ஒன்றுபட்டார்கள்.

டல்லாஸில் தூய மூவொரு இறைவன் ஆலயப் பங்குத்தந்தை ஆஸ்கர் ஹூபர் அன்று ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். செய்தி கேட்டதும் பார்க்லேண்ட் மருத்துவமனைக்கு விரைந்து, கென்னடிக்குப் பாவமன்னிப்பும் அவஸ்தைப்பூசுதலும் வழங்கினார். இரண்டு மணி நேரத்துக்குள், கத்தோலிக்கர் அல்லாத ஜான்சன், விமானத்தில் கிடைத்த ஒரு கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகத்தின்மேல் கைவைத்துப் பதவியேற்றார்.

அன்று மதிய உணவுக் கூட்டத்தில் கென்னடி பேசவிருந்த உரை அச்சில் இருக்கிறது. அது 127ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தோடு முடிகிறது. ஆண்டவர் காவாத நகரைக் காவலர் காப்பது வீண் என்னும் கருத்து அது. பேசப்படாமலே போன வார்த்தை. நேயர்களே, இன்றிரவு உங்கள் வேதாகமத்தில் அந்தத் திருப்பாடலை எடுத்து வாசியுங்கள். உங்கள் குடும்பத்தில், பங்கில், ஒரே வண்டியில் ஏற மறுக்கும் இருவர் இருந்தால், அவர்களை நினைத்து வாசியுங்கள். இறந்தோர் அனைவரும் இறைவனில் இளைப்பாறுவார்களாக. ஆமென்.