கோட்டை அடுப்பும் கொல்லைப்புறமும்

சிலிண்டர் வந்தது, கோட்டை அடுப்பு போயிற்று என்று சொல்வது வழக்கம். தென்சென்னையின் மனைகள் எப்படிப் பிரிந்தன, எப்படிச் சுருங்கின என்று பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. அந்த அடுப்பைக் கொன்றது எரிவாயு அல்ல, கொல்லைப்புறம் போனதுதான். கல்யாணம் வீட்டிலேயே நடந்த காலத்தில் வாசலில் பந்தல் என்றால் கொல்லையில் கோட்டை அடுப்பு. முழங்கால் ஆழத்துக்கு நீளவாக்கில் பள்ளம் வெட்டி, இரு பக்கமும் செங்கல் அடுக்கி, களிமண் குழைத்துப் பூசுவார்கள். அண்டாக்களும் தவலைகளும் வரிசையாக இரு சுவர்களின் மேலும் ஆடாமல் உட்கார வேண்டும். அகலத்துக்கு அதுதான் கணக்கு. சிமென்ட் உதவாது, அந்தச் சூட்டில் வெடித்து உதிரும். களிமண் பிடித்துக்கொள்ளும், விசேஷம் முடிந்ததும் தட்டினால் கல்லை விட்டுவிடும். ஈரச் செங்கல்லும் ஆகாது, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். மயிலாப்பூரின் கடலோர மணலில் வெறும் பள்ளம் சரிந்துவிடும் என்பதால் செங்கல் சுவர் அங்கே இன்னும் அவசியம். கொத்தனார் தேவையில்லாத வேலை. ஆனால் திறந்த மண் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

மண்ணோடு விறகும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் எரிபொருள் தேவைக்காகவே கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகின. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய கால்வாய், பக்கிங்காம் கால்வாயின் பகுதியாகி மயிலாப்பூரை ஒட்டி ஓடியது. விறகுப் படகுகள் அதில் வந்தன. விறகுத் தொட்டிகளில் எடை போட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய் அடுக்குவார்கள். அதே கால்வாயின் மேல் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 1997இல் அந்த ரயில் திருமயிலை வரை வந்தது.

புதிய குடியிருப்புகளும் கொல்லையை மறக்கவில்லை. 1920களில் மயிலாப்பூருக்கு மேற்கே இருந்த நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகரை உருவாக்கியபோதும், 1940களின் இறுதியில் அடையாறு காந்தி நகரில் கூட்டுறவுச் சங்கம் மனை பிரித்தபோதும், நடுவில் வீடு, சுற்றிலும் வெற்றிடம் என்பதே முறையாக இருந்தது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தனி வீடாக இருந்தவரை அதில் கிணறு, தென்னை, துவைகல் போக ஒரு கோட்டை அடுப்புக்கும் இடம் இருந்தது. அதே கிரவுண்டில் ஆறு குடும்பங்களுக்கு அடுக்குமாடி எழும்பியபின் மிச்சமிருந்த மண்ணும் சிமென்ட் தளமாகிக் கார் நிறுத்துமிடமாயிற்று. அடுக்குமாடி உரிமைக்கென்று தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கல்யாணம் மண்டபத்துக்குப் போனதை நாகரிகத்தின் விருப்பம் என்று மட்டும் சொல்ல முடியாது. பந்தல் போடவும் அடுப்பு வெட்டவும் வீட்டில் இடமில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

எரிவாயுவை எப்படி ஒதுக்குவது என்று கேட்கலாம். இண்டேன் இந்தியாவில் அறிமுகமானது 1965இல். அது பிடித்தது அன்றாடச் சமையலறையை. கண் எரிய ஊதுகுழல் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் கோட்டை அடுப்பு வெட்டவெளியில் எப்போதாவது எரிந்தது. எரிவாயுதான் விறகுத் தீயை முடித்தது என்றால் எங்குமே அது அணைந்திருக்க வேண்டும். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் இன்றும் பெண்கள் திறந்த அடுப்பில் பொங்கல் வைக்கிறார்கள். தைப்பொங்கலன்று அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மூன்று செங்கல் கூட்டிப் பானை ஏற்றும் குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் சிலிண்டர் வைத்திருப்பவர்கள்தான் இவர்கள். இடம் கிடைத்தால் தீ மூட்டுகிறார்கள்.

கொல்லையே வசதி படைத்தவர்களின் சொத்துதானே என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. உண்மைதான், குப்பங்களிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் யாருக்கும் கொல்லை கிடையாது. அங்கே தெருதான் பொதுக்கொல்லை. ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அம்மன் கோயில் வாசலில் செங்கல் அடுக்கி அண்டா ஏற்றுவது அதே வேலை, அதே கைப்பழக்கம். தனிக்கொல்லை போன பின்னும் அது உயிரோடு இருப்பது, ஊர் இன்னும் தெருவைத் தனதாக நினைப்பதால்தான். இரு ஓரமும் வண்டிகள் நிறைந்த தெருக்களில் இப்போது அந்த இடமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.