பட்டை போன வழி

ஆண்டிஸ் மலைச்சரிவில், இன்றைய எக்குவடோரின் லோகா வட்டாரத்தில் வளரும் மரம். அதன் பட்டை நிலவேம்புக்குச் சளைக்காத கசப்பு. 1638-ல் அச்சான நூலில் அகுஸ்தீன் சபைத் துறவி அந்தோனியோ தெ லா கலாஞ்சா அதைக் ‘காய்ச்சல் மரம்’ என்று குறிப்பிடுகிறார். இலவங்கப்பட்டை நிறத்தில் இருக்கும் பொடியை இரண்டு சிறு காசு எடைக்குக் கலக்கிக் குடித்தால் முறைக்காய்ச்சல் (இன்று நாம் மலேரியா என்பது) நிற்கும் என்கிறார். முதலில் அதை இடித்துக் குடித்துப் பார்த்தவர் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி சின்சோன் சீமாட்டி இதனால் பிழைத்ததாக ஒரு கதை மட்டும் கிளம்பியது. கதை பொய்யென்று 20-ஆம் நூற்றாண்டில் தெரிவதற்குள், 1742-லேயே லின்னேயஸ் மரத்துக்குச் ‘சிங்கோனா’ என்று அவள் பேரைச் சூட்டியாயிற்று. அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.

லீமா நகரில் இயேசு சபைக்குச் சான் பாப்லோ என்ற கல்லூரியும் அதற்கொரு மருந்தகமும் இருந்தன. மருந்தகத்தைக் கவனித்தவர் அகுஸ்தீனோ சலும்பிரீனோ என்ற இத்தாலியச் சகோதரர். அங்கிருந்து ரோமுக்குப் போன குருமாரின் மூட்டைகளில் பட்டையும் கடல் தாண்டியது. கல்லூரிக்குச் சோறு போட்ட பண்ணைகளில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் தருமம் நடந்த இடம் ஒன்று, அதற்கு விலை கொடுத்தவர்கள் இருந்த இடம் வேறு.

ரோமைச் சுற்றிச் சதுப்பு நிலம். கோடை வந்தால் கூலிக்காரரையும் கர்தினாலையும் காய்ச்சல் ஒன்றாகவே படுக்கவைத்தது. 1623-ல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்மாரிலேயே பலர் விழுந்துவிட்டார்கள். அந்த ஊருக்குத்தான் ஹுவான் தெ லூகோ வந்து சேர்ந்தார். ஸ்பெயின்காரர், இயேசு சபை இறையியலாளர். நீதி, உரிமை, நியாய விலை பற்றியெல்லாம் வாதாடும் பெரிய நூலை 1642-ல் வெளியிட்டு, மறு ஆண்டே கர்தினாலானார். பட்டையைத் தம் செலவில் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையில் அவர் கைப்பட மருந்து வழங்குவதைச் சுவரோவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். ‘கர்தினால் பொடி’ என்று ஒரு பேரும் அதற்கு உண்டு.

இலவசத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1650-ஐ ஒட்டி, இயேசு சபையின் ரோம் கல்லூரி மருந்தகத்திலிருந்து ஒரு துண்டுத்தாள் அச்சாகிப் பரவியது. இரண்டு திராம், அதாவது ஏறக்குறைய 7 கிராம் பட்டையை இடித்துச் சலிக்க வேண்டும். திராட்சை மதுவில் ஊறப்போட வேண்டும். குளிர் கண்டு நடுங்கத் தொடங்கும்போது கொடுத்துப் படுக்கவைக்க வேண்டும். நம் சித்த வைத்தியர் சூரணமும் அனுபானமும் எழுதித் தருவதுபோல் அவ்வளவு தெளிவு. படிக்கத் தெரிந்த எவரும் மருந்து கொடுக்கலாம். மருந்தை இலவசமாகக் கொடுப்பவன் வள்ளல். அவன் போனால் மருந்தும் போய்விடும். முறையை அச்சடித்துக் கொடுத்தபின் வள்ளல் தேவையில்லை. மனிதர் தம் நிறைவை எளிதாக எட்டவைக்கும் சமூகச் சூழல்களின் தொகுப்பே பொதுநலன் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வரையறுத்தது. அந்தத் துண்டுத்தாள் அதற்கு மூன்று நூற்றாண்டு முந்தியது.

இங்கிலாந்தில் இது ‘ஜெசுவிட் பொடி’, அதாவது இயேசு சபையார் பொடி. பேரைக் கேட்டாலே சீர்திருத்த சபையாருக்குச் சந்தேகம். இந்தச் சந்தேகத்தில் ராபர்ட் டால்போர் என்ற வைத்தியர் காசு பார்த்தார். 1672-ல் எழுதிய புத்தகத்தில் ஜெசுவிட் பொடியிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிவிட்டு, தம்முடைய இரகசிய மருந்தால் இரண்டாம் சார்லஸ் மன்னரையே குணப்படுத்தினார். பிரான்சின் 14-ஆம் லூயி அந்த இரகசியத்தை விலை கொடுத்து வாங்கினார். டால்போர் இறந்தபின் 1682-ல் அது வெளியானது: மதுவில் ஊறிய அதே பட்டை! மருத்துவத் துறையில் அறிவுசார் சொத்துரிமையைப் பணக்கார நாடுகள் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதாகத் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் குறைபட்டுக்கொண்டாரே, அந்த இறுக்கத்துக்கு டால்போர் நல்ல முன்னோடி.

1693-ல் பெய்ஜிங்கில் காங்சி பேரரசர் முறைக்காய்ச்சலில் கிடந்தபோது, இயேசு சபையின் இரண்டு பிரெஞ்சுக் குருமார் ஒரு பவுண்டு பட்டையோடு அரண்மனைக்கு வந்தார்கள். அதை அவர்களுக்கு அனுப்பிவைத்தவர் புதுச்சேரியில் இருந்த தொலு என்ற குரு. முதலில் வேறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு உடம்புக்கு ஒன்றுமில்லாத பிரபுக்கள் நால்வர் குடித்துக் காட்டினார்கள். கடைசியில்தான் பேரரசர் குடித்தார். பிழைத்ததும் குருமாருக்கு அரச நகருக்குள்ளேயே வீடு கொடுத்தார், அங்கே கோயிலும் எழுந்தது. ரோமில் எல்லோருக்குமாக இருந்த பட்டை இங்கே ஓர் ஆளுக்கான மருந்து, அரசவைக்குள் நுழைய ஓர் அனுமதிச்சீட்டு. இரண்டையும் செய்தது ஒரே சபைதான்.

பாரிஸில் பெல்லத்தியே, கவெந்து என்ற இருவர் 1820-ல் பட்டையிலிருந்து அதன் மருந்துச் சத்தான கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். காப்புரிமை கேட்காமல் முறையை வெளியிட்டார்கள். அதன்பின் சபைகள் பின்னுக்குப் போய் அரசாங்கங்கள் முன்னே வந்தன. 1860-களில் மரம் நீலகிரி ஏறியது. நடுவட்டம் தோட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். 1865-ல் பொலிவியாவின் உயர்ரக விதையை ஐமாரா இனத்தவரான மானுவேல் இன்க்ரா மமானி திரட்டிக் கொடுக்க, அவருடைய முதலாளி சார்லஸ் லெட்ஜர் அதை டச்சுக்காரருக்கு விற்றார். விதை திரட்டியதற்காக மமானியைச் சிறையில் அடித்தார்கள். அந்த அடியிலேயே செத்தார். அந்த விதையிலிருந்து ஜாவாவில் தோட்டங்கள் எழும்பின. உலகக் கொயினாவின் விலையை ஆம்ஸ்டர்டாம் நிர்ணயித்தது.

ஆப்பிரிக்காவின் மறைபரப்பு மருத்துவமனைகளில் கடும் மலேரியாவோடு வரும் குழந்தைகளுக்குக் கொயினாவைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதே அண்மைக்காலம் வரை வழக்கம். 5,425 ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. கொயினா கொடுத்தவர்களில் நூற்றுக்கு 10.9 பேர் இறந்தார்கள். சீன மூலிகை ஒன்றிலிருந்து வரும் ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 8.5 பேர். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் ஆர்ட்டிசுனேட்டையே முதல் மருந்தாக்கியது. கொயினாவைவிட அதற்கு அப்போது விலை அதிகம்.